விருத்தாசலத்தில் இரண்டு இரவு, நாயோடு

சென்னையிலிருந்து கார்டு லைனில் திருச்சி போகும் வண்டிகள் விருத்தாசலம் சந்திப்பைக் கடந்துதான் போகின்றன. சேலம் பாதையும் கடலூர்ப் பாதையும் இங்கேயே வந்து சேர்கின்றன. வண்டி மாறும் ஊர் என்றே பெயராகிவிட்டதால், தங்கிப் பார்க்க வேண்டிய ஊர் என்ற நினைப்பு யாருக்கும் வருவதில்லை. கோயிலுக்கு வருகிறவர்கள்கூடக் காலையில் வந்து பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டு இரவாவது இருந்தால்தான் இந்த ஊர் பிடிபடும். வீட்டில் நாய் வளர்க்கிறவர்கள் அதையும் கூட்டிவந்து தங்க வேண்டிய ஊர் இது என்பது என் எண்ணம்.

மணிமுத்தாற்றின் கரையில் பழமலைநாதர் கோயில் இருக்கிறது. தேவாரத்தில் இந்த ஊர் திருமுதுகுன்றம். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் இதைக் கற்றளியாக எழுப்பினார். கோபுரம், பிராகாரம், நந்தி, தீர்த்தம், தேர் என எல்லாம் ஐந்தைந்தாக அமைந்த கோயில். படியிறங்கிப் போய், தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் ஆழத்துப் பிள்ளையாரைக் கும்பிட வேண்டும். இங்கே பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னை சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்ற கதை சைவ வீடுகளில் குழந்தைகளுக்கும் தெரியும்.

ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டரில் மணவாளநல்லூர். அங்கே கொளஞ்சியப்பர் கோயில். உருவச் சிலை கிடையாது. பீடம் போன்ற கல்லையே முருகனாக வழிபடுகிறார்கள். பழமலைநாதரைப் பாடாமல் கடந்து போக நினைத்த சுந்தரரை வழிமறித்துப் பொருளைப் பறித்தவர் இந்த முருகன்தான் என்கிறது தலக்கதை. வழிமறித்த அந்தச் சாமியிடம்தான் இன்று மக்கள் நியாயம் கேட்டு வருகிறார்கள். பொருள் களவு போனவர், கடன் கொடுத்து ஏமாந்தவர், பங்காளித் தகராற்றில் நொந்தவர் எல்லோரும் குறையைத் தாளில் எழுதி, சன்னிதியில் வைத்துப் பூசை செய்து, முனியப்பர் முன் இருக்கும் வேலில் கட்டுகிறார்கள். பிராது கட்டுவது என்று இதற்குப் பெயர். எழுதுகிறவரின் ஊரிலிருந்து கோயில் எவ்வளவு தூரமோ, அதைக் கணக்கிட்டுக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று படிப்பணமும் உண்டு. காரியம் முடிந்தால் மறுபடி வந்து பிராதை ராஜினாமா செய்துவிட்டுப் போக வேண்டும். வேலில் கட்டிக் கிடக்கும் அந்தத் தாள்களுக்கு எதிரே நின்றால், நீதிமன்றப் படி ஏற முடியாதவர்களுக்கு இந்த ஊர் என்னவாக இருக்கிறது என்று புரியும்.

மறுநாளைப் பீங்கானுக்கு ஒதுக்குங்கள். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. விருத்தாசலத்தில் செராமிக் தொழில் வேர்விட அது பெரிய காரணம். பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு தரும் அரசுப் பயிலகமும் இங்கே உண்டு. நம் வீட்டு மீட்டர் பலகையில் பியூஸ் கம்பி சுற்றி வைத்த வெள்ளைக் கட்டை நினைவிருக்கிறதா? அதைச் செய்த ஊர்களில் இதுவும் ஒன்று. இன்சுலேட்டர், கொலு பொம்மை, அகல் விளக்கு எல்லாம் இங்கிருந்து போகின்றன. பொம்மை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். கூழ் பதத்தில் கரைத்த மண்ணைப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உட்சுவரில் மண் ஏடு போலப் படிகிறது. போதிய கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, சற்று இறுகவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே கூடான பொம்மை. காயவைத்துப் பிசிறு தட்டி, கிளேஸ் பூசி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் சுடுகிறார்கள். பியூஸுக்குப் பதிலாக எம்சிபி சுவிட்ச் வந்து வெள்ளைக் கட்டைகளுக்குத் தேவை குறைந்துபோன காலம் இது. ஊரில் நாலு பேர் தங்கி, பார்த்து, கையோடு வாங்கிப் போனால் சூளைகளுக்கு அது சிறிய உதவியாகவாவது இருக்கும்.

தங்குவது எங்கே என்பதில்தான் சிக்கல். நாயோடு போனால் பல ஊர் லாட்ஜுகளில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரயிலிலும் லேசில்லை. முதல் வகுப்பில் கூபே முழுவதையும் நம் பேரில் பிடிக்க வேண்டும்; இல்லையேல் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் நாய் தனியாக வர வேண்டும். அதனால் பலர் பயணத்தையே விட்டுவிடுகிறார்கள். இத்தனைக்கும், விருத்தாசலம் இருக்கும் இதே நடுநாட்டில், செங்கம் வட்டாரத்து எடத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காத்து மடிந்த வீரனின் கல் அது. கூடவே அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர். கல்வெட்டில் அந்தப் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். நாயை வீட்டு ஆளாக மதித்த மண் இது.

தங்கும் சிக்கலுக்கு ஒரு வழி உண்டு. இங்கிலாந்தில் லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 1965 முதல் பழங்கட்டடங்களைச் செப்பனிட்டு, விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறது. அவற்றில் பெரும்பாலானவற்றில் நாய்க்கும் இடமுண்டு. வாடகைப் பணத்தில் கட்டடம் பிழைத்துக்கொள்கிறது. மணவாளநல்லூர்ப் பக்கமோ முந்திரித் தோப்பு ஓரமோ பூட்டிக் கிடக்கும் நாட்டு ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள் இதை யோசிக்கலாம். திண்ணையும் முற்றமும் கிணற்றடியும் அப்படியே இருக்கட்டும். கொல்லையைச் சுற்றி நாய் தாண்ட முடியாத வேலி போட்டு, வந்தவர்கள் கோயிலுக்குப் போகும் நேரத்தில் நாயைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் ஏற்பாடு செய்யுங்கள். கால்நடை மருத்துவரின் எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். தண்ணீருக்கு உள்ளூர்ச் சூளையில் சுட்ட கனத்த கிண்ணம், முட்டினாலும் கவிழாது. மார்கழியில் திறந்தால் மாசி மகம் வரை ஆள் வருவார்கள். சித்திரை, வைகாசியில் மட்டும் வேண்டாம். அந்த வெயிலை நாய் தாங்காது.