செவ்வந்திக்கு ராத்திரியில் பல்பு எதற்கு? செட்டியார்பட்டி முதல் ஓசூர் வரை

‘ஓசூர் பக்கம் ராத்திரியில் பூந்தோட்டம் முழுக்க பல்பு எரிகிறதே, பூச்சியை விரட்டவா? எங்கள் ஊரிலும் செய்யலாமா?’ என்று செட்டியார்பட்டி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். பணம் போட்டுச் செய்கிற வேலை என்பதால் இரண்டு ஊரையும் பார்த்துவிட்டே எழுதுகிறோம்.

ராஜபாளையத்துக்குத் தெற்கே, தளவாய்புரத்தை ஒட்டிய பேரூர் செட்டியார்பட்டி. மேற்கே மலை, தெருவுக்குள் நைட்டி தைக்கும் மெஷின் சத்தம். இங்கே செவ்வந்தி என்பதை ஓசூரில் சாமந்தி என்பார்கள். கிருஷ்ணகிரி தாண்டி மேட்டில் ஏறினால் காற்றே மாறிவிடுகிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். இருட்டிய பிறகு தோட்டங்களில் வரிசை வரிசையாக பல்பு எரிவதைப் பார்த்தால், ஏதோ திருவிழாவுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும்.

பூச்சிக்காக இல்லை. செடியை ஏமாற்றத்தான்!

செவ்வந்தி நீண்ட இரவு வந்தால் மொட்டு வைக்கும் செடி. அது எண்ணிக்கொண்டிருப்பது பகலை அல்ல, இடையில் அறுபடாத இருட்டை. நடு இரவில் சில மணி நேரம் வெளிச்சம் காட்டினால் ஒரு நீண்ட இரவு இரண்டு சின்ன இரவுகளாகிவிடும். செடி பூவை மறந்து உயரத்துக்கும் கிளைக்கும் போகும். வழக்கமாகச் சொல்லப்படும் நேரம் இரவு 10 மணி முதல் 2 மணி வரை. இலையிலுள்ள நிறமி சிவப்பு ஒளிக்குத்தான் நன்றாக மசியும். பழைய குண்டு பல்பு வேலை செய்ததும் அதனால்தான்.

1920-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் கார்னர், அல்லார்ட் இருவரும் இதைப் புகையிலையில் நிரூபித்தார்கள். கோடையில் பூக்காமல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த ரகத்தைத் தினமும் சாயங்காலமே இருட்டறைக்குள் தள்ளினார்கள், பூத்தது. அதற்கும் முன்பே, 1912 வாக்கில், பிரான்சில் தூர்னுவா கஞ்சாச் செடியிலும் ஹாப் கொடியிலும் இதே குணத்தைக் கவனித்திருந்தார். அனுமதியுள்ள வெளிநாடுகளில் கஞ்சாவை அறைக்குள் 18 மணி நேர வெளிச்சத்தில் வளர்த்து, பிறகு 12 மணி நேரமாகக் குறைத்துப் பூக்க வைப்பதும் இந்தக் கணக்கில்தான். இங்கே அனுமதியில்லாமல் அதை வளர்ப்பது 1985 சட்டப்படி குற்றம். நமக்குச் செவ்வந்தி போதும்.

செட்டியார்பட்டிக்கு வருவோம். ஜூனில் பகல் சுமார் 12 மணி 40 நிமிடம், டிசம்பரில் 11 மணி 35 நிமிடம். மொத்த வித்தியாசமே ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது. வெட்டுப்பூ ரகங்கள் பலவற்றுக்கு 13 மணி நேரத்துக்கு மேல் பகல் இருந்தால்தான் மொட்டு தள்ளிப்போகும். அந்தப் பகல் இந்த ஊருக்கு வருஷத்தில் ஒரு நாளும் கிடையாது. முழங்கால் உயரம் வருவதற்குள் செடி பூவில் இறங்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே பல்பின் தேவை ஓசூரைவிட இங்கே குறைவில்லை. ஆனால் வெயில் அதிகம். சூட்டில் மொட்டு தாமதமாகும், பூவும் சிறுக்கும். கோடைப் பூவுக்கு இங்கே பல்பு போடுவது வீண் செலவு. பனிக்காலப் பூவுக்கு மட்டும் யோசிக்கலாம்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். விளக்கை நிறுத்திய பிறகு பூ வர ரகத்துக்கேற்ப 8 முதல் 10 வாரம். பொங்கல் சந்தைக்கு வேண்டுமென்றால் நவம்பர் முதல் வாரத்தில் விளக்கை நிறுத்த வேண்டும். அதற்கு முன் நாற்று வேர் பிடித்ததிலிருந்து நாலைந்து வாரம் விளக்கு. அது ஐப்பசி மழைக்காலம் என்பதை மறக்க வேண்டாம்: ஈரத்தில் ஒட்டுப்போட்ட வயர் ஆளைக் கொன்றுவிடும். நல்ல வயரும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் இல்லாமல் இறங்காதீர்கள். பம்புசெட்டுக்குத் தரும் இலவச மின்சாரத்தில் பல்பு எரிக்கலாமா என்பதை உங்கள் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொன்று. தோட்டத்து ஓரத்தில் தெருவிளக்கோ மில் விளக்கோ இருந்தால், அந்த வரிசை மட்டும் பூக்காமல் நிற்கும். உரக்குறை என்று நினைத்து மருந்தடிக்கிறவர்கள் உண்டு. ராத்திரி ஒரு தடவை போய் நின்று பாருங்கள். இலையில் உங்கள் நிழல் தெளிவாக விழுந்தால் சந்தேகப்படலாம்.

முதல் வருஷம் 5 சென்ட் போதும். பாதிக்கு விளக்கு, பாதிக்கு வேண்டாம். வெளிச்சம் சிந்தாதபடி நடுவில் ஒரு மறைப்பு. நாற்று வாங்கும்போதே ரகத்தின் பெயரையும், விளக்கை நிறுத்தி எத்தனை வாரத்தில் பூக்கும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.