காஞ்சிக்கு ஒரு பரீட்சை

கான்ஜி படிக்கிறேன் என்று சொன்னால் அம்மா காதில் காஞ்சி என்றுதான் விழுகிறது. "காஞ்சிக்குப் போறதுக்கு எதுக்குப்பா பரீட்சை? பூந்தமல்லிக்குப் போனா பஸ்ஸு நிக்குதே." குமணன்சாவடியில் குடியிருந்துகொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

பரீட்சையின் பெயர் ஜேஎல்பிடி. ஜூலை, டிசம்பர் என வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும், சென்னையிலும் எழுதலாம். ஐந்து படிகளில் கீழிருந்து இரண்டாவது என்4. அதோடு ஒரு தொழில்திறன் தேர்வும் தேறினால், ஜப்பானில் திறன் பணியாளர் விசாவுக்கு வழி உண்டு. ஒரகடத்தில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும் நேரம்தான் எனக்குப் படிப்பு நேரம்.

ஆரம்பம் சுலபம். ஹிரகனா, கதகனா என்ற ஒலியெழுத்துகள் தலா 46. வரிசையே நம்ம ஊர் வரிசை: அ, இ, உ, எ, ஒ, பிறகு க, ச, த, ந. பௌத்தத்தோடு போய்ச் சேர்ந்த சமஸ்கிருத எழுத்துமுறையின் தடம். 'இவ்ளோதானா!' என்று ஒரு திமிர் வரும். அதை இறக்கி வைக்கத்தான் கான்ஜி. அன்றாடப் புழக்கத்துக்கென ஜப்பான் அரசு வகுத்த பட்டியலில் மட்டும் 2136.

அதிலும் ஒழுங்கு உண்டு. இடப்பக்கம் மூன்று துளி இருந்தால் தண்ணீர் சமாச்சாரம்: கடல், குளம், நீச்சல், சாராயமும்கூட. இரண்டு மரம் தோப்பு, மூன்று மரம் காடு. மரத்தின் பக்கத்தில் ஆள் நின்றால் ஓய்வு; நைட் ஷிஃப்ட் பார்த்தவனுக்கு அது மறக்காது. கோயில் என்ற எழுத்தோடு சூரியன் சேர்ந்தால் நேரம், கை சேர்ந்தால் பிடித்தல். இரண்டுக்கும் 'ஜி' என்ற ஒலி, கோயிலிடமிருந்து வந்தது.

தேர்வில் கையால் எழுதச் சொல்வதில்லை. விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். "அப்புறம் ஏன்டா நோட்டை நிரப்புற?" என்கிறான் நண்பன். டைப் செய்தே எழுதக் கை மறந்தவர்களை ஜப்பானியர்களே 'வாப்புரோ பாகா', அதாவது டைப் மெஷின் மக்கு, என்று கிண்டல் செய்வதுண்டு. பிடித்தலும் காத்திருத்தலும் இடப்பக்கத்தில் மட்டும்தான் வேறுபடும். கண் அதைத் தாண்டிப் போய்விடும், கை நின்றுதான் போகும். அதனால் எழுதுகிறேன்.

லைனில் ஒரு ஜப்பான் மெஷினில் சிவப்பில் இரண்டு எழுத்து இருக்கும். ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். அதை 'கிகென்' என்று சொல்ல நான் கற்றது பல மாதம் கழித்து. பொருள் தெரியும், ஒலி தெரியாது.

அம்மா பஸ் ஏறுவதும் அப்படித்தான். பள்ளிக்கூடம் போகாதவர். பூந்தமல்லி என்ற போர்டை எழுத்துக் கூட்டாமல் முழு உருவமாகவே அடையாளம் கண்டுகொள்வார். எனக்குப் பெயர் மொழி மாணவன். அம்மாவுக்கு, எழுதப் படிக்கத் தெரியாதவர்.

நான் கிளம்பிவிட்டால் பேங்க் சலானை யார் படித்துச் சொல்வது? 'அ, ஆ'விலிருந்து தொடங்கி இரண்டு தடவை பாதியில் விட்டவர் அம்மா. இந்த முறை என் கட்டம் போட்ட நோட்டில், பெயர், தேதி, தொகை, கையொப்பம் என்று கட்டத்துக்கு ஒரு சொல்லாக முழுசாக எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் நான்கையும் சலானில் தொட்டுக் காட்டினார். "இது பஸ் போர்டு மாதிரிதானே" என்றார்.

இப்போது அம்மாவிடம் 14 சொல். என்னிடம் 210 கான்ஜி. டிசம்பருக்குள் இரண்டும் கூடியாக வேண்டும்.