லோயாட் பிளாசாவுக்கு ஒரு நடை

கோலாலம்பூர் போனால் பத்துமலைக்குப் போவீர்கள், மஸ்ஜித் இந்தியாவில் துணி எடுப்பீர்கள். இந்த முறை என்னோடு புக்கிட் பிந்தாங் பக்கம் வாருங்கள். அங்கே லோயாட் பிளாசா என்று ஒரு கட்டடம் இருக்கிறது. 1999இல் திறந்தார்கள். மாடிக்கு மாடி கைப்பேசியும் கணினியும்தான்.

நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. காப்பார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் என் தங்கை குடும்பம் இருக்கிறது. மாப்பிள்ளைக்குக் குலை வெட்டும் வேலை. மூத்த மகள் ஷா ஆலமில் இயந்திரப் பொறியியல் படிக்கிறாள். அவளுக்கு முதலில் வாங்கிய மடிக்கணினி, பார்க்க மெல்லிசாக, அழகாக இருந்தது. கடிதம் எழுதப் போதும். ஆனால் சாலிட்வொர்க்ஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒரு கியர் பெட்டியைத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். விற்ற கடைக்காரர், பிள்ளை என்ன படிக்கிறாள் என்றுகூடக் கேட்கவில்லையாம்.

தங்கை கூட்டு எடுத்த பணம் 3,500 வெள்ளியை என் கையில் கொடுத்தாள். "அண்ணே, நீங்க கூடப் போங்க. இன்னொரு தடவை வாங்க என்னால முடியாது" என்றாள்.

கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கினோம். அங்கிருந்து மோனோரயில். முதல் நிறுத்தமே துன் சம்பந்தன். துண்டாடலில் தோட்டங்கள் கைமாறிய காலத்தில், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தோட்டங்களை வாங்கியவர் பெயர் அது. மருமகளிடம் சொன்னேன். "நம்ம கூட்டு மாதிரியா மாமா?" என்றாள். ஏறக்குறைய அப்படித்தான்!

இம்பி நிறுத்தத்தில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் லோயாட். பக்கத்திலேயே 1957இல் திறந்த பெடரல் ஹோட்டல். உள்ளே நுழைந்ததும் கைப்பேசிக் கடைப் பையன்கள் "அங்கள், மாரி, மாரி" என்று கூப்பிடுவார்கள். சிரித்துக்கொண்டே மின்படியில் ஏறிவிடுங்கள். பழையது விற்பவர்களையும் பழுது பார்ப்பவர்களையும் மேல்மாடிகளில்தான் தேட வேண்டும்.

நாங்கள் தேடியது 'மொபைல் வொர்க்ஸ்டேஷன்' என்ற வகை. மோட்டார் சைக்கிளும் ஓடும், குலை ஏற்றும் லாரியும் ஓடும் அல்லவா? இது லாரி. லெனோவோவில் திங்க்பேட் பி வரிசை, எச்பியில் இசட்புக், டெல்லில் பல ஆண்டுகள் பிரிசிஷன் என்ற பெயரில் விற்றது, எல்லாம் இந்த இனம். கனமாக இருக்கும். பெரிய வகைகளில் இரண்டு விசிறி, செப்புக் குழாய்கள், தனியாக வரைபட அட்டை. வரைபட மென்பொருள் கம்பெனிகளே இந்த இயந்திரங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கின்றன. புதிதாக வாங்கினால் விலை நம் கைக்கு எட்டாது. ஆனால் பெரிய கம்பெனிகள் சில ஆண்டு வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்த இயந்திரங்கள் அரை விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். நமக்கு வழி அதுதான்.

முதல் கடையில் பல நிறத்தில் விளக்கு எரியும் விளையாட்டுக் கணினியைக் காட்டினார்கள். கெட்டதில்லை, ஆனால் நம் வேலைக்கு அல்ல. இரண்டாவது கடையில் நல்ல இயந்திரம், நல்ல விலை. மருமகள் அதை அணைத்து, மறுபடி போட்டு, அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள் போகப் பார்த்தாள். கடவுச்சொல் கேட்டது. முன்பு வைத்திருந்த கம்பெனி போட்ட பூட்டு! கடைக்காரருக்கும் தெரியவில்லை. அந்தப் பூட்டை எடுப்பது லேசான காரியமல்ல. கும்பிடு போட்டுவிட்டு வந்தோம்.

மூன்றாவது கடையில் ஒரு வயதான சீனர். என்ன படிக்கிறாள் என்று அவராகவே கேட்டார். எனக்கு அப்போதே பாதி மனம் நிறைந்துவிட்டது. இன்டெல் சிப் எட்டாம் தலைமுறையாவது இருக்கிறதா என்று பார்த்தோம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. அதற்கு முந்திய தலைமுறை சிப்புகளில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவை விண்டோஸ் 11க்கு ஏற்றவையல்ல. ரேம் 32 ஜிபி. அடிமூடியைத் திறந்து காட்டச் சொன்னேன். முகம் சுளிக்காமல் திறந்தார். பேட்டரி உப்பியிருக்கவில்லை. விசிறியில் தூசியில்லை.

பிறகு அவளுடைய கியர் பெட்டிப் படத்தைத் திறந்து அரை மணி நேரம் சுழற்றினோம். பத்து நிமிடம் எல்லா இயந்திரமும் நல்ல பிள்ளைதான். சூடு ஏறிய பிறகுதான் குணம் தெரியும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் பக்கத்தில், சிப்பின் அடிப்படை வேகமும் அந்த நேரத்து வேகமும் தெரியும். வேலை நடக்கும்போது அடிப்படைக்குக் கீழே விழுந்து அங்கேயே கிடந்தால் வாங்காதீர்கள். எங்களுடையது விழவில்லை. 3,200 வெள்ளிக்கு முடித்து, மூன்று மாத உத்தரவாதத்தை ரசீதில் எழுதி வாங்கினோம்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஒரு மாதம் கழித்து, புதன்கிழமை இரவு எட்டு மணிக்குத் தொலைபேசி. தோட்டத்து வீட்டிலிருந்து மருமகள் அழுகிறாள். வியாழன் காலை எட்டு மணிக்குள் படத்தை அனுப்ப வேண்டும், இயந்திரம் நத்தையாக ஊர்கிறது! பின்னால் தங்கையின் குரல்: "ஏமாந்துட்டோமா அண்ணே?"

எனக்கு அடிவயிறு கலங்கியது. "எங்கே வைத்திருக்கிறாய்?" என்றேன். மெத்தைமேல். காற்று அடியிலிருந்துதான் உள்ளே போகும், மெத்தை அடைத்துவிடும். மேசைக்கு மாற்றச் சொல்லி, கால் மணி நேரம் பொறுத்தோம். அப்படியும் ஊர்ந்தது. வேகம் எவ்வளவு என்று கேட்டேன். அடிப்படை 2.6. இப்போது 0.8ஐத் தாண்டவில்லை. அப்போதுதான் பொறி தட்டியது.

"சார்ஜரின் முதுகில் எத்தனை வாட் என்று படிம்மா."

"65, மாமா."

இயந்திரத்தோடு வந்தது 230 வாட்! அந்தச் செங்கல் கனமென்று விடுதியிலேயே வைத்துவிட்டு, பழைய மடிக்கணினியின் சார்ஜர் பொருந்துகிறதே என்று அதைச் செருகியிருக்கிறாள். போட்டவுடன் திரையில் எச்சரிக்கை வந்ததாம், படிக்காமல் மூடிவிட்டாள். தேவையான மின்சாரம் வராவிட்டால் இயந்திரம் இப்படித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கெட்டுப்போனது போலவே இருக்கும். இது தெரியாமல் கடைக்குக் கொண்டுபோய் போர்டு மாற்றக் காசு கொடுத்தவர்களும் உண்டு.

வெளியே நல்ல மழை. மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் மோட்டார் சைக்கிளை எடுத்தார். ஷா ஆலம் விடுதி வாசலில் அறைத்தோழி கொண்டுவந்து கொடுத்ததை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பத்தேகாலுக்கு வந்து சேர்ந்தாராம். விடியற்காலை மூன்று மணிக்குப் படம் போய்விட்டது.

காலையில் தங்கை கூப்பிட்டாள். "அண்ணே, அந்தப் பெரிய சார்ஜர் மட்டும் இன்னொண்ணு வாங்கி வீட்டுல வெச்சுக்கிட்டா என்ன?"

வரும் சனிக்கிழமை மறுபடி லோயாட் போகிறேன். அந்தச் சீனர் கடைக்குத்தான்.