கூரையற்ற வண்டியில் அண்ணாமலைச் சாலை

புதுச்சேரியிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 105 கிலோமீட்டர் நீளமுடையது. திண்டிவனம் வரை சமவெளி, அங்கிருந்து செஞ்சி வரை பாறைக் குன்றுகள், செஞ்சியைக் கடந்தபின் வயல்களும் ஏரிக்கரைகளும், முடிவில் அண்ணாமலை. பேருந்தில் சில மணி நேரத்தில் முடிந்துவிடும் இப்பயணத்திற்கு நாங்கள் தை மாதத்தில் ஒரு முழு நாளைச் செலவிட்டோம். அதுவும் கூரையற்ற வாடகை வண்டியில். இந்த ஆடம்பரம் எதற்கு என்று பங்கு நண்பர் சிலர் வினவினர். அன்பு வாசகர்களுக்கும் அவ்வையம் எழக்கூடுமாதலால் காரணத்தை முதலில் கூறிவிடுகிறோம்.

எங்கள் குடும்பத்தின் மூத்தவராகிய பெரியப்பா இச்சாலையில் முப்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர். இப்போது அவருக்கு அகவை எழுபத்தெட்டு. கண் நீர் அழுத்த நோய் அவரது பார்வையைச் சிறிது சிறிதாகக் கவர்ந்து வருகிறது. இந்நோய் பெரும்பாலும் பக்கப் பார்வையையே முதலில் பறிக்கிறது. நாளடைவில், குழாய் வழியே காண்பதுபோல் நேர் எதிரே உள்ளது மட்டும் எஞ்சுகிறது. வலி இல்லாமையால் பலர் காலங்கடந்தே மருத்துவரிடம் செல்கின்றனர். இழந்த பார்வை மீளாது. எஞ்சியதைச் சொட்டு மருந்தாலும் அறுவை சிகிச்சையாலும் காக்க முயலலாம். நாற்பதைக் கடந்தவர்கள், சிறப்பாகக் குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் இருப்பின், கண் அழுத்தத்தைச் சோதித்துக்கொள்வது நலம்.

“அண்ணாமலை ரோட்டை இன்னொரு தரம் பார்த்துடணும்” என்பது பெரியப்பாவின் வேண்டுகோள். மூடிய காரின் சிறு சாளரத்தில் அவர் காட்சியைத் தேடிப் பிடிப்பதற்குள் அது கடந்துபோய்விடும். ஆகவேதான் மேலும் பக்கமும் திறந்த வண்டியை நாடினோம்.

வெளிநாட்டுத் திரைப்படங்களில் காணும் நீண்ட திறந்த கார் நம் நாட்டு வாடகை நிலையங்களில் எளிதில் அகப்படுவதில்லை. துணிக்கூரையைப் பின்னால் மடித்துவிடக்கூடிய மகிந்திரா தார் ஜீப்பே நமக்குரியது. நாமே ஓட்டும் வாடகை வண்டிகளுக்கு 1989ஆம் ஆண்டு நடுவண் அரசு திட்டமொன்றை வகுத்தது. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துகளால் எண் எழுதப்பட்டிருப்பதே அவற்றின் அடையாளம். முன்பணம் கட்டும்போதே வண்டியின் கீறல்களையெல்லாம் உரிமையாளருடன் சேர்ந்து பார்த்துக் குறித்துக்கொள்வது பின்னர் வரும் வழக்கைத் தவிர்க்கும். ஓட்டுநர் எங்கள் மூத்த மகன். பெரியப்பாவோ முன்னிருக்கையில், குரங்குக் குல்லாயும் கம்பளியுமாக அமர்ந்தார்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். திறந்த வண்டியில் செல்வோர் நம் நாட்டில் இவ்வாறே செய்தல் வேண்டும்; பத்து மணிக்குமேல் வெயில் கூரையை மூடவைத்துவிடும். திண்டிவனத்தில் பொழுது புலர்ந்தது. மேற்கே திரும்பியதும் பனியின் மணமும், வைக்கோல் நனைந்த மணமும், வழியோரக் கடைகளின் விறகுப் புகையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எந்தக் காரின் கண்ணாடிக்குள்ளும் இவை வருவதில்லை. உரையாடல் மட்டும் இயலாது. காற்று வாயிலிருந்தே சொல்லைப் பறித்துக்கொண்டு போகிறது.

செஞ்சியின் குன்றுகளை எவரோ பாறைகளைக் கூடையில் அள்ளிக் கொட்டியதுபோல் காண்கிறோம். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று மலைகளையும் இணைத்த மதிலே கோட்டை. இராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. 1677இல் சிவாஜி இதனைக் கைப்பற்றினார். 1698இல் முகலாயர் வசமாயிற்று. 1714இல் இளைஞனாகிய தேசிங்குராஜன் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து மாண்டான். 2025ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டினை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, மராட்டிய மாநிலத்திற்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சியே. நம்மவர் ஒருவரும் இவ்வூரைப் போற்றியுள்ளார்: 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாயக்கர் காலத்தில் இங்கு வந்த இயேசு சபையின் பிமெண்டா அடிகளார், லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துகல்லில் இதற்கிணையான நகர் இல்லையென்று எழுதி வைத்தார். இன்று அங்கே ஆடுகள் மேய்கின்றன. பெரியப்பா மலையேற இயலாமையால் அடிவாரத்திலேயே இட்டலி உண்டோம்.

வடக்கே பிரியும் சாலை சேத்துப்பட்டுக்குச் செல்கிறது. டராஸ் அடிகளாரின் பணியால் வளர்ந்த அவ்வூர் லூர்து அன்னை ஆலயத்தை எம் வாசகரிற் பலர் அறிவர். அதனை மற்றொரு நாளுக்கென விட்டு நேர் மேற்கே சென்றோம். மல்லாட்டை என இவ்வட்டாரத்தார் அழைக்கும் நிலக்கடலையும் கரும்பும் இருமருங்கும். பெரியப்பா தலையை இடமும் வலமும் மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். “இங்கே ஒரு புளியமரம் நின்னுதே!” என்று இருமுறை கேட்டார். சாலை அகலமாயிற்று, மரங்கள் போயின. வேகம் கூடியதென்பது உண்மை. நிழல் குறைந்ததென்பதும் உண்மை.

கீழ்ப்பெண்ணாத்தூர்ப் பக்கம் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். எதிரே வெகுதொலைவில் நீலமாய் அண்ணாமலை நின்றது. ஒடுங்கிய பார்வைக்கு அருகிலுள்ள பெரும்பொருள் அகப்படாது. தொலைவிலுள்ளதோ முழுமையாக அடங்கிவிடும். “முழுசாத் தெரியுதுடா” என்றார். கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். நகரை அடைந்தபின் 217 அடி உயர இராஜகோபுரத்தின் எதிரே நின்றபோது அவருக்கு ஒரு நிலைக்கு மேல் ஒரே பார்வையில் தெரியவில்லை. கீழிருந்து ஒவ்வொன்றாகப் பதினொன்று வரை எண்ணி முடித்தார்.

மலையின் உயரம் 814 மீட்டர். அதனைச் சிவனின் வடிவெனப் போற்றும் இந்து அன்பர்கள் 14 கிலோமீட்டர் வெறுங்காலுடன் வலம் வருகின்றனர். நம் துறவியரையும் இம்மலை ஈர்த்ததுண்டு. பிரான்சு நாட்டு ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஹென்றி லெ சோ, 1949 ஜனவரியில் மோன்சானின் அடிகளாருடன் இங்கு வந்து ரமண மகரிஷியைக் கண்டார். மறு ஆண்டு இருவரும் குளித்தலைக்கருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரையில் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். பின்னரும் அபிஷிக்தானந்தர் என்ற பெயருடன் லெ சோ இம்மலைக் குகைகளில் மௌனத்தில் தங்கினார்.

அடிவாரத்தில் வ.உ.சி. நகர் இருக்கும் திசையை ஒருவர் சுட்டிக் காட்டினார். 2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரியருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின் மழை, நாங்கள் வந்த திசையிலேயே உள்நாட்டுக்கு வந்தது. டிசம்பர் 1ஆம் நாள் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடியதில் எழுவர் மாண்டனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். அடுத்த நாள் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேறித் தென்பெண்ணைக் கரையூர்களை மூழ்கடித்தது. மலையை அழகென்று கூறிக் கடந்துசெல்பவர்கள் நாம்; அதன் சரிவில் குடிசை கட்டி வாழ்வோருக்கு ஒவ்வொரு மழையும் விழித்திருக்கும் இரவு. பெரியப்பா குல்லாயைக் கழற்றினார். என் மனைவியார் மெல்லிய குரலில் ஒரு பரலோக மந்திரம் சொல்ல, நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

வலப்பாதையில் வண்டியிலேயே சுற்றிவருவோர் பலர். எங்கள் மகனும் அவ்வாறே எண்ணினான். நடந்துகொண்டிருந்த மூதாட்டியொருவரை நோக்கி அவன் ஒலிப்பானை அழுத்தியதும் பெரியப்பா அவன் கையைத் தட்டினார். “இங்கே ஹாரன் அடிக்கக் கூடாது, தம்பி. வண்டியை ஓரமா விடு.” ஆதி அண்ணாமலையை நெருங்கியிருந்தோம். அவனது தோளைப் பற்றிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் தூரம் நடந்தார். சில நூறு அடிகளுக்கொருமுறை நின்று மலையைப் பார்த்தார். வலம் வர வர அதன் வடிவம் மாறுவது உண்மையே.

மாலையில் திரும்புகையில் மகன் கூரையை இழுத்து மூட முனைந்தான். செஞ்சி வரை திறந்தே இருக்கட்டும் என்றார் பெரியப்பா. இருள் கவிந்துவிட்டது, இருளில் அவருக்கு ஏறத்தாழ ஒன்றும் தெரியாது. ஆயினும் ஏரிக்கரை, வளைவு, பழைய நிறுத்தம் என்று ஒவ்வொன்றின் பெயரையும், வண்டி அங்குச் சேருவதற்குச் சற்று முன்பே, உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.