சீட்டு இல்லாத நோயாளி

மருந்துக்கடைக்காரன் நோயாளியாவதில் ஒரு வசதி உண்டு. யாரிடமும் சீட்டு நீட்ட வேண்டியதில்லை. கை எட்டும் தூரத்தில் ரேக். மாத்திரையை எடுத்துப் போட்டாலும் கேட்க ஆளில்லை, நிறுத்தினாலும் கேட்க ஆளில்லை. டி.ஃபார்ம் படித்தவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டிலும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது திண்டுக்கல் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் என் கடை ஒரு நாள்கூட மூடவில்லை. முந்தின நாள் மருந்து வாங்கிப்போனவரின் மகன் மறுநாள் வந்து, "அப்பா போயிட்டாருண்ணே, பிரிக்காத மாத்திரைய திரும்ப எடுத்துக்குவீங்களா?" என்று கேட்பான். அலை ஓய்ந்த பிறகுதான் நான் சாய்ந்தேன். விடிகாலை மூன்று மணிக்கு முழிப்புத் தட்டும், பிறகு தூக்கம் கிடையாது. சோறு இறங்காது. ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது என்று மதுரைக்குப் போய் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை எழுதினார். பத்து மில்லிகிராமில் ஆரம்பித்து இருபதில் நிலைத்தது. ஒரு மாதம் கழித்துப் பசித்தது. அதற்குப் பிறகு கடையில் சிரித்துப் பேசவும் வந்தது.

நிறுத்தியதற்குக் காரணம் கேட்டால் அக்கா சாவைச் சொல்வேன். என்னைத் தூக்கி வளர்த்தவள். ஒப்பாரிக்கு நடுவில் மரக்கட்டை மாதிரி நின்றேன், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "கல்லுய்யா இவன்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. இந்த மாத்திரை சிலருக்குத் துக்கத்தோடு சேர்த்து மற்ற உணர்ச்சிகளையும் மழுக்கிவிடும். கட்டிலிலும் அதே கதைதான். இரண்டையும் டாக்டரிடம் சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருப்பார், இல்லை மருந்தை மாற்றியிருப்பார். அடுத்தவருக்கு நானே சொல்லும் யோசனைதான் அது. சொல்ல வெட்கப்பட்டேன்.

ஆனால் அது பாதிக் காரணம். மீதிப் பாதி வீம்பு. குணமானது என் சொந்தச் சாமர்த்தியமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். காலை நடை, பிராணாயாமம், சனிக்கிழமை விரதம் என்று ஊருக்கு ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கில் மாத்திரை இடித்தது. வாரக்கணக்கில், ஆளைப் பொறுத்து மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டியதை ஒரே நாளில் விட்டேன். தலையைத் திருப்பினால் மண்டைக்குள் மின்சாரம் சுருக்கென்று ஓடியது. காரணமில்லாமல் எரிச்சல், விசித்திரமான கனவுகள். எல்லாம் கொஞ்ச நாளில் அடங்கிவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சில மாதம் நன்றாகத்தான் இருந்தேன். பிறகு மறுபடி அந்த மூன்று மணி முழிப்பு. விட்டதால் வரும் தொல்லை சில நாளிலேயே தலைகாட்டும். போன நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் மெல்ல, வாரங்கள் மாதங்கள் கழித்து வரும். இந்த வித்தியாசம் தெரிந்தும், "மாத்திரை உடம்பைக் கெடுத்துவிட்டது, அதன் மிச்சம்தான் இது" என்று எனக்கு நானே கதை கட்டிக்கொண்டேன். கதைக்குத் தோதாக ஒரு செய்தியும் கிடைத்தது. செரட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022-ல் லண்டன் ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். கைபேசியில் மனைவியிடம் காட்டினேன். ஒரு மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது ஒரு கேள்வி, வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. பாராசிட்டமால் எப்படி வேலை செய்கிறது என்பதே இன்னும் முழுசாகத் தெளியவில்லை. அதை நான் தினமும் அட்டை அட்டையாக விற்கிறேன்.

அவள் செய்தியைப் படிக்கவில்லை. "எனக்கு இதெல்லாம் வேணாங்க. மாத்திர போடுறீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள். போடுகிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. சாம்பாரில் உப்பு கூடியதற்குத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தவன், மகள் பரீட்சைக்குப் பணம் கேட்டதற்குக் கத்தியவன் மாத்திரை போடுகிறவனாக இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மறுபடி ஆரம்பிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகத்தான் அப்போது நினைத்தேன். யோசிக்கவே இல்லை. தானாகப் போய்விடும் என்று காத்துக்கொண்டிருந்தேன். காலாவதியான சரக்கைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பாததால் கடை மூலையில் அட்டைப்பெட்டிகள் குவிந்து கிடந்தன.

இனிச் சொல்லப்போவதற்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தச் சமயத்தில் ஒரு கல்லூரிப் பையன் மாதாமாதம் இதே மாத்திரைக்கு வருவான். ஒருநாள் கடையில் கூட்டமில்லை. "அண்ணே, இத எவ்வளவு நாள் சாப்பிடணும்? நல்லாத்தான இருக்கேன்?" என்றான். நியாயமான கேள்வி. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதே, நல்லானதற்கு அப்புறமும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள் என்பதுதான் நான் சொல்ல வேண்டிய பதில். நான் சொன்னது: "நல்லா இருந்தா எதுக்குடா? ரொம்ப நாள் போட்டா பழகிரும். விட்ரு."

பொய். பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்பிரசோலம் பழகும். அதனால்தான் 2014 முதல் அதை விற்றால் தனிப் பதிவேட்டில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எண்ணிக்கை எல்லாம் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்கிறோம். எஸ்சிடலோபிராம் அந்த வகையில் சேராது. இது தெரியாமல் சொல்லவில்லை. எனக்கு ஒரு கூட்டாளி தேவைப்பட்டான். நான் செய்தது சரி என்பதை இன்னொருத்தன் உடம்பில் நிரூபித்துப் பார்க்க ஆசைப்பட்டேன்.

பிறகு அவன் வரவில்லை. ஒருநாள் சாயங்காலம் அவன் அப்பா வந்தார். சீட்டில் அதே மருந்து, அளவு கூடியிருந்தது, கூடவே இன்னொரு மருந்து. "பய நடுவுல நிறுத்திப்புட்டான் தம்பி. ரொம்ப மோசமாகி ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். இனிமே நீங்களும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். தலையாட்டினேன். அட்டைகளைக் கவரில் போட்டு, மிச்சச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

அன்றைக்கும் டாக்டரிடம் போகவில்லை. ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு, ரேக்கிலிருந்து இருபது மில்லிகிராமை எடுத்துத் தண்ணீரோடு முழுங்கினேன். மாதக்கணக்கில் விட்டவன் பழைய உச்ச அளவில் ஆரம்பிக்கக்கூடாது. வயிற்றைப் புரட்டியது, கால் ஓரிடத்தில் நிற்கவில்லை, விடிய விடிய மொட்டைமாடியில் நடந்தேன். காலையில் மனைவிதான் மதுரை பஸ்ஸில் ஏற்றினாள், கூடவே ஏறினாள்.

டாக்டர் திட்டவில்லை. "சாகணும்னு தோணுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தூக்கத்திலேயே போயிட்டா தேவலைன்னு தோணுச்சு" என்றேன். அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

மாத்திரையே வேண்டாம் என்று நான் அடம்பிடிப்பேன் என அவர் நினைத்தாரோ என்னவோ, இங்கிலாந்தில் நடந்து 2021-ல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார். நெடுநாள் மாத்திரையில் நன்றாக இருந்தவர்களுள், தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்துக்குள் நோய் திரும்பியது. படிப்படியாக நிறுத்தியவர்களில் 56 சதவீதம். "நிறுத்துனவங்கள்லயும் பாதிக்குக் கொஞ்சம் கொறச்சலானவங்க நல்லாத்தான் இருந்திருக்காங்க. நிறுத்துனது தப்புன்னு சொல்லல. யாருக்கும் தெரியாம நிறுத்துனீங்க பாருங்க, அதுதான் தப்பு" என்றார். தைராய்டு பார்த்துவரச் சொன்னார். ஐந்து மில்லிகிராமில் தொடங்கினார், பிறகு பத்து. உணர்ச்சி மழுங்கினால் சொல்ல வேண்டும், மாற்றலாம் என்று மனைவியிடமும் சேர்த்தே சொன்னார். இப்போது சீட்டு வைத்து, என் பெயரில் பில் போட்டுத்தான் எடுக்கிறேன். இதை வாழ்நாள் முழுக்கச் சாப்பிடுவேனா என்றால், தெரியாது. ஒருநாள் நிறுத்துவேன் என்றால் அவர் சொல்லி, அவள் பார்த்திருக்க நிறுத்துவேன்.

அந்தப் பையனிடம் உண்மையைச் சொன்னேன். "விடுங்கண்ணே, எல்லாரும் அதத்தான் சொன்னாங்க" என்றான். எல்லாரும் சொல்லலாம், நான் சொல்லியிருக்கக் கூடாது. அவன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவருக்குத் தெரியப்போகிறது.

பாதி அட்டையோடு நிறுத்திவிட்டு, மறுபடி போடலாமா என்று யோசிப்பவர்கள் கடைக்காரனிடம் கேட்காதீர்கள், என்னிடமும்தான். எழுதிக்கொடுத்தவரிடம் போங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே மாத்திரைக்குக் காசில்லை. ராத்திரி நேரத்தில் தாங்க முடியாமல் போனால் 14416, டெலி மானஸ் மனநல உதவி எண். எந்நேரமும் தமிழில் பேசலாம்.