கண்ணுக்குத் தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமா?



பூமி உருண்டைன்னா, மெரினாவுல நின்னு பார்க்கும்போது அடிவானம் ஏன் ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி நேரா இருக்கு?

தட்டைப் பூமி வீடியோக்களின் முதல் ஆயுதமே இந்தக் கேள்விதான். கேட்பவரைக் கிண்டல் பண்ணாதீங்க. நல்ல கேள்வி அது.

உடனே நம்ம பக்கத்துல ஒருத்தர் கடற்கரை போட்டோவைக் காட்டி, "பாருங்க, வளைஞ்சிருக்கு"ன்னு கிளம்புவார். அதுவும் தப்பு. அது அகன்ற கோண லென்ஸ் செய்யுற வேலை. அதே கேமராவைக் கீழே சாய்ச்சா அடிவானம் மேல்நோக்கிப் புடைக்கும். மேலே தூக்கினா குழிஞ்சு போகும். பூமி அப்படி நிமிஷத்துக்கு ஒரு தரம் வடிவம் மாத்தாது.

சரி, உண்மை என்ன?

கரையில நிற்கும் ஒருவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.7 மீட்டர் உயரம். அவருக்கு அடிவானம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தூரத்தில்தான். அங்கே இடமிருந்து வலமாக 60 டிகிரி அகலத்துக்குப் பார்த்தால், வளைவின் அளவு அரை ஆர்க் மினிட்கூட இல்லை. (ஒரு டிகிரியை 60 பங்கு வச்சா ஒரு பங்குதான் ஆர்க் மினிட்.)

கண் பரிசோதனை அட்டையில் 6/6 வரி இருக்கே, அந்த எழுத்துக் கோட்டின் தடிமனே 1 ஆர்க் மினிட். நல்ல பார்வையின் எல்லை அதுதான். அதில் பாதிகூட இல்லாத ஒரு வளைவு, அவ்வளவு அகலத்துக்குப் பரவிக் கிடந்தா எப்படித் தெரியும்? கண்ணால் தெளிவா உணர விமானம் பறக்கிற 35,000 அடி உயரமாவது வேணும்.

ஆனால் இன்னொரு திசையில் வளைவு தெரியும். பக்கவாட்டில் பார்க்காம, நேரா முன்னால பாருங்க. 15 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் சரக்குக் கப்பலின் அடிப்பகுதியில் ஏறக்குறைய 7 மீட்டர் கடலுக்குப் பின்னால் மறைஞ்சிருக்கும். பைனாகுலர் வச்சாலும் அது திரும்பி வராது.

இதே சண்டை இங்கிலாந்தில் பந்தயம் வரைக்கும் போயிருக்கு.

1838ல் சாமுவேல் ரோபோதம் என்பவர், பெட்ஃபோர்ட் லெவல் பகுதியில் ஆறு மைல் நேராக ஓடும் கால்வாயில் இறங்கி நின்னார். கண், தண்ணீருக்கு வெறும் 8 அங்குலம் மேலே. விலகிப்போன படகு கடைசிவரை தெரிஞ்சதாம். ஆகவே பூமி தட்டைன்னு முடிவு கட்டிட்டார். தண்ணீரை ஒட்டிய காற்று ஒளியை வளைச்சு, மறைஞ்சதைக்கூடக் காட்டிடும். அதை அவர் கணக்கிலேயே எடுக்கல.

1870ல் ஜான் ஹாம்ப்டன் 500 பவுண்டு பந்தயம் கட்டினார். ஏற்றவர் ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ். இயற்கைத் தேர்வை டார்வினைப் போலவே தனியாகக் கண்டறிந்தவர், முன்னாள் நில அளவையாளர்.

அவர் தண்ணீரிலிருந்து 13 அடிக்கு மேல் உயர்ந்தார். ஒரு பாலத்தில் டெலஸ்கோப், ஆறு மைல் தள்ளி இன்னொரு பாலத்தில் குறி, நடுவில் கம்பத்தில் ஒரு வட்டு. மூணும் ஒரே உயரம். தட்டைன்னா மூணும் ஒரே கோட்டில் தெரியணும். வளைவுன்னா நடு வட்டு மேலே எழும்பி நிற்கணும்.

எழும்பி நின்னுச்சு.

அதே டெலஸ்கோப்பில் பார்த்த ஹாம்ப்டன் தரப்பு நடுவர் என்ன சொன்னார் தெரியுமா? "நாங்கதான் ஜெயிச்சோம்"னார். பொது நடுவர் வாலஸுக்கே தீர்ப்பு சொன்னார். அப்புறம் பல வருஷம் ஹாம்ப்டன் அவரை அவதூறு செய்தார், அவர் மனைவிக்கே மிரட்டல் கடிதம் எழுதினார், ஜெயிலுக்கும் போனார்.

ஆக, பார்த்தா மட்டும் போதாது. எது தெரிஞ்சா எதை ஒத்துக்குவோம்னு பார்க்கும் முன்னாடியே முடிவு பண்ணணும். அளக்கத் தகுந்த கருவியால் அளக்கணும்.

ஒரு டாக்டருக்கு இதில் என்ன வேலைன்னு கேட்கலாம்.

அரசு மருத்துவமனை ஓபியில் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் வாக்கியம் இது: "எனக்கு ஒண்ணுமே செய்யல டாக்டர், அதான் பிபி மாத்திரையை நிறுத்திட்டேன்." அளந்து பார்த்தா 180/110.

அவர் பொய் சொல்லல. உண்மையிலேயே அவருக்கு ஒண்ணும் தெரியாது. பெரும்பாலானவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் எந்த அறிகுறியும் காட்டாது. தலைவலி வராது, மயக்கம் வராது. உள்ளுக்குள்ள மூளை, இதயம், சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்கள் மட்டும் மெல்லக் கெட்டுக்கிட்டே வரும். சிலருக்கு முதல் அறிகுறியே பக்கவாதமா இருக்கும்.

கரையில நின்னு பூமியின் வளைவை உணர முடியாத மாதிரிதான், நாற்காலியில உட்கார்ந்து உங்க பிபியையும் உணர முடியாது. ரெண்டுக்கும் அளவீடு வேணும்.

பூமி தட்டைன்னு ஒருத்தர் நம்பினா பூமிக்கு ஒண்ணும் ஆகாது. "ஒண்ணும் செய்யல, அதனால ஒண்ணும் இல்ல"ன்னு நம்பினா ஒரு குடும்பமே நிலைகுலைஞ்சு போகும்.

30 வயசு தாண்டியவங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பிபி பாருங்க. இலவசம்தான். மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டரைக் கேட்காம நிறுத்தாதீங்க.