திரும்பி வாராத விமானம்

பி.எஸ்ஸி. இயற்பியல், மூன்றாம் ஆண்டு

எங்கள் வீடு சேலையூரில் இருக்கிறது. தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து எழும்பும் விமானங்கள் எங்கள் மொட்டை மாடிக்கு மேலேதான் இரைச்சலிட்டுக்கொண்டு போகும். மாடியில் வடகம் காயவைக்கும் என் ஆயா அவற்றை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. காக்கையை விரட்டுவதில் அவர் காட்டும் அக்கறையில் கால் பங்குகூட விமானத்திற்குக் கிடையாது.

2016-ஆம் ஆண்டு ஜூலை 22, வெள்ளிக்கிழமை. நான் அப்போது ஆறாம் வகுப்பு மாணவன். 'கபாலி' படம் வெளியான நாள் என்பதால் அந்தத் தேதி மறக்கவில்லை. அப்பா என்னை விட்டுவிட்டு அதிகாலைக் காட்சிக்குப் போய்விட்டார் என்ற கோபத்தில் இட்லியைத் தொடாமல் பள்ளிக்குக் கிளம்பினேன். ஏறத்தாழ அதே நேரத்தில், காலை 8.30 மணிக்கு, தாம்பரத்திலிருந்து 29 பேரை ஏற்றிக்கொண்டு ஏ.என்.-32 ரக விமானம் ஒன்று போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது (அவ்வூருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்). அது என் தலைக்கு மேலேயே போயிருக்கலாம். நான் நிமிர்ந்து பார்த்ததாக நினைவில்லை. மாலையில் வீடு திரும்பியபோது தொலைக்காட்சியில் திரையரங்க வாசலின் பாலாபிஷேகமும், விமானத்தைக் காணோம் என்ற செய்தியும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

அன்று முதல் காணாமற்போன விமானங்களின் கதை என்றால் எனக்கு உயிர். நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1937 ஜூலை 2-ஆம் நாள் நியூகினியின் லே நகரிலிருந்து ஹௌலண்ட் என்னும் சின்னஞ்சிறு தீவைத் தேடிப் பறந்து, பசிபிக் கடலின் மேல் மறைந்துபோன அமீலியா எர்ஹார்ட் அம்மையார்; 1945 டிசம்பர் 5-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து பயிற்சிக்குப் புறப்பட்டு 14 பேருடன் திரும்பாமற்போன ஐந்து 'அவெஞ்சர்' போர் விமானங்கள்; அவற்றைத் தேடப் போய்த் தானும் 13 பேருடன் மறைந்த மற்றொரு விமானம்; 2014 மார்ச் 8-இல் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்கு 239 பேருடன் கிளம்பிய எம்.எச். 370. இவை எனக்கு மனப்பாடம்.

கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில், தமிழ் மன்றப் பேச்சுப் போட்டியில் இதைப் பற்றியே பேசினேன். பெர்முடா முக்கோணத்தை விவரிக்கும்போது குரலைத் தாழ்த்தினேன். "அவர்கள் எங்கே போனார்கள்?" என்று கேட்டு நிறுத்தியபோது அரங்கமே மௌனமாயிற்று. இரண்டாம் பரிசாக ஓர் எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது. அதை ஆயாவிடம் கொடுத்துவிட்டு, கேட்கிறாரோ இல்லையோ என்று பார்க்காமல் முழுப் பேச்சையும் மீண்டும் பேசிக் காட்டினேன். நம்மூர் விமானத்தைப் பற்றிச் சொன்ன இடத்தில்தான் அவர் தலை நிமிர்ந்தது.

"அந்த 29 பேருக்கும் அவங்க வீட்டுல எந்த நாள்லடா திதி குடுக்கிறாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

ஆயா ஏன் கேட்டார் என்பதை அம்மாதான் பிறகு சொன்னார். மதுராந்தகத்துப் பக்கம் ஒரு கிராமம் ஆயாவின் பிறந்த ஊர். அவருடைய தம்பி 1968-இல், 17 வயதில், பம்பாய்க்கு வேலை தேடிப் போனார். இரண்டு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. என் கொள்ளுப்பாட்டி சாகும்வரை இரவில் வாசற்கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லையாம். நிலம் பாகம் பிரிக்கும் பேச்சு வந்தபோது, ஏழாண்டுக் காலம் தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு என்று வக்கீல் எடுத்துச் சொன்னார். கொள்ளுப்பாட்டி கைநாட்டு வைக்க மறுத்துவிட்டார். தை அமாவாசைப் படையலில் அந்தத் தம்பிக்கு இன்றும் இலை போடுவதில்லை. போட்டால் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். எங்கள் வீட்டுச் சுவரில் படங்களெல்லாம் மாலையோடு இருக்க, ஒன்று மட்டும் வெறுமனே தொங்குவதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

வெட்கத்தோடு மறுபடி நூலகத்துக்குப் போனேன். இம்முறை வீட்டிலிருந்தவர்களைத் தேடினேன். அந்த ஐந்து விமானங்களின் தலைவர் சார்லஸ் டெய்லர் வழி தவறியதே காரணம் என்று அமெரிக்கக் கடற்படை முதலில் முடிவு கட்டியது. பெற்ற தாய் விடவில்லை. உடலும் இல்லை, விமானமும் இல்லை, என் மகனை எப்படிக் குற்றவாளியாக்குவீர்கள் என்று வாதாடினார். கடைசியில் கடற்படை, காரணம் தெரியவில்லை என்று அறிக்கையைத் திருத்திக்கொண்டது. பெர்முடாக் கதைக்காரர்கள் பெரும் புதிராக விற்கும் அந்த வாசகம் ஒரு தாய் போராடி வாங்கியது!

இன்னொன்றும் அகப்பட்டது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக நூலகர் லாரன்ஸ் குஷே என்பவர் பழைய செய்தித்தாள்களையும் வானிலைக் குறிப்புகளையும் புரட்டிப் பார்த்து 1975-இல் ஒரு நூல் எழுதினார். அமைதியான கடல் என்று சொல்லப்பட்ட சில நாட்களில் புயல் வீசியிருந்தது. சில விபத்துகள் முக்கோணத்திற்கு வெகு தொலைவில் நடந்தவை. சில நடக்கவே இல்லை. தேடப்போன அந்த விமானம் தீப்பற்றி எரிந்ததை ஒரு கப்பலில் இருந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். என் பேச்சில் அந்தக் கப்பல் வரவேயில்லை. டம்ளரைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். ஆயா அதில் காபி குடிக்கத் தொடங்கிவிட்டார்.

விமானம் எப்படித்தான் காணாமற்போகிறது? பூமி உருண்டை என்று சிறு வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். ரேடார் அலை ஏறக்குறைய நேராகச் செல்வது. ஆகவே கரையிலிருந்து சில நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பறக்கும் விமானம் அடிவானத்திற்குக் கீழே மறைந்துவிடுகிறது. கடலில் மூழ்கினாலோ, கறுப்புப் பெட்டியோடு இணைந்த ஒலிக்கருவி நெடுங்காலம் 30 நாட்களுக்கு மட்டுமே குரல் கொடுப்பதாக இருந்தது. 2009 ஜூன் 1-ஆம் நாள் 228 பேருடன் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் சிதைவைக் கடலடியில் காண 2011 ஏப்ரல் வரை ஆயிற்று. அதற்குப் பிறகே அதை 90 நாளாக உயர்த்தினார்கள்.

நம்மூர் விமானத்திற்கு வருகிறேன். 23,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது, சென்னைக்குக் கிழக்கே சுமார் 280 கிலோமீட்டர் தொலைவில், திடீரென இடப்புறம் திரும்பி வேகமாகக் கீழிறங்கிற்று. ரேடாரில் கண்டது அவ்வளவே. கடற்படையும் கடலோரக் காவல்படையும் தேடின. 'சாகர் நிதி', 'சமுத்ர ரத்னாகர்' என்னும் ஆய்வுக் கப்பல்கள் கடலடியைத் துழாவின. செப்டம்பரில் 29 பேரும் இறந்ததாகக் கருதப்படுவதாய் வீடுகளுக்குத் தெரிவித்தார்கள். 'கருதப்படுவதாய்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்த நாளில் திதி கொடுப்பது?

2024 ஜனவரி 12, பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, செய்தி வந்தது. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் கருவி, ஆளின்றித் தானே நீந்தும் கலம், கடலடியில் எடுத்த படங்களில் ஒரு விமானத்தின் சிதைவுகள் தெரிந்தன. ஆழம் 3,400 மீட்டர். தொட்டபெட்டாவை அங்கே இறக்கி வைத்தாலும் அதன் உச்சிக்கு மேல் முக்கால் கிலோமீட்டர் தண்ணீர் நிற்கும். அப்பகுதியில் வேறெந்த விமானமும் காணாமற்போனதாகப் பதிவில்லை. ஆகவே இது அந்த ஏ.என்.-32 ஆகத்தான் இருக்கக்கூடும் என்று அறிவித்தார்கள். ஏழரை ஆண்டு ஆகியிருந்தது. அந்தக் கழகத்தின் வாசலைத் தாண்டித்தான் தினமும் பஸ்ஸில் கல்லூரிக்கு வருகிறேன். அதற்கு முன் அந்தக் கட்டடத்தையும் நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

வீட்டுக்குப் போனதும் ஆயாவிடம் சொன்னேன். பொங்கலுக்காகப் பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"எல்லாரையும் எடுத்துட்டாங்களா, கண்ணு?"

"இல்ல ஆயா. ரொம்ப ஆழம். படம்தான் எடுத்திருக்காங்க."

"எவ்ளோ தூரத்துல?"

"310 கிலோமீட்டர். இங்கேருந்து திருச்சி போற தூரம்."

ஆயா சற்று நேரம் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோ கிட்டக்கவா இருந்தாங்க?" என்றார்.